அந்துருண்டைக்கு நடுவே இரண்டு லென்ஸ்

அரவிந்த், இதைப் படிக்கும்போது பக்கத்தில் யாரும் இல்லாமல் பார்த்துக்கொள். விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் சாப்பிட்டாயா, அங்கே குளிர் எப்படி என்று கேட்டுக்கொண்டே நான்கு பக்கத்தை ஓட்டிவிட்டுச் சொல்லாமலே முடித்துவிடுவேன். ப்ளஸ் டூ படிக்கும்போது உன் தொலைநோக்கியிலிருந்து காணாமல் போன, கண்ணை வைத்துப் பார்க்கும் இரண்டு ஐபீஸ்களையும் தனா எடுக்கவில்லை. நான்தான் எடுத்தேன். இந்த ஒரு வரிக்குப் பின்னால் எட்டு வருடம் இருக்கிறது. தை மாதம் உனக்குக் கல்யாணம். பத்திரிகை அனுப்ப வேண்டிய நண்பர்கள் என்று நீ எழுதி அனுப்பிய பட்டியலில் முப்பத்தாறு பேர். அதில் தனா இல்லை. பட்டியலை வைத்துக்கொண்டு சாப்பாட்டு மேஜையில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். உன் வாழ்க்கையின் பெரிய நாளில் ஒருவன் இல்லாமல் போவதற்கு நான் காரணம் என்பதும், அது உனக்கே தெரியாது என்பதும் அன்றுதான் என்னால் தாங்க முடியாமல் போயிற்று.

தீபாவளிக்கு முன் உன் ஆபீஸ் நண்பர் மூலம் புது ஐபீஸ்கள் இரண்டைக் கொடுத்தனுப்பினாய். சாக்லேட் டப்பாக்களுக்கு நடுவில், பஞ்சு மாதிரி உறையில் சுற்றி, நல்ல கனமாக இருந்தன. 'கல்யாணத்துக்கு அப்புறம் மொட்டை மாடியில அவளுக்குச் சனி வளையம் காட்டணும்மா, பரண்லேர்ந்து எறக்கி வை' என்றாய். இறக்கினேன், துடைத்தேன், செருகிப் பார்த்தேன். நுழையவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை நீ ஃபோன் செய்தபோது சொன்னேன். 'அடடா, அது பழைய சைஸ்ல இருக்குமே, நான் யோசிக்கவே இல்ல. பழசெல்லாம் ஒல்லிக் குழாய். இப்ப வர்றதெல்லாம் ஒண்ணேகால் இன்ச். நடுவுல ஒரு அடாப்டர் போடணும். அங்கேயே லேத்துல யாரையாவது கடைஞ்சு தரச் சொல்லேன்' என்றாய். சரி என்றேன். அப்புறம் நீ சிரித்தாய். 'தனா பட்டறைக்கு மட்டும் போகாதம்மா. இதையும் ஆட்டையப் போட்டுருவான்.' நானும் சிரித்தேன். உனக்கு அது கேட்டிருக்கும். நான் ஃபோனை வைத்ததும் செய்தது உனக்குத் தெரியாது. குளியலறைக்குப் போய் முகத்தைக் கழுவினேன், திரும்பத் திரும்ப.

அந்தத் தொலைநோக்கியை உன் அப்பா வாங்கி வந்த நாள் உனக்கு நினைவிருக்கும். விமானப்படைக் குடியிருப்பிலிருந்து மாற்றலாகிப் போன ஒருவர் வீட்டுச் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தார். அப்பா போனது ஒரு ஸ்டூல் வாங்க. திரும்பியது ஒரு நீளமான அட்டைப் பெட்டியோடு. நான் சண்டை போட்டேன். மறுநாள் மாலை நீயும் தனாவும் மாடியில் அதை நிறுத்தி என்னைக் கூப்பிட்டீர்கள். சனி ஒரு எள்ளளவுதான் தெரிந்தது, அதற்கு இரண்டு பக்கமும் காது முளைத்த மாதிரி. தனா சொன்னான், 'இன்னாடா இது, கம்மல் போட்டுகினு கீது!' நாம் மூவரும் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு நாய் குரைத்தது. அன்று முதல் நம் வீட்டில் அந்தக் கிரகத்துக்குக் கம்மல்காரி என்று பெயர். பள்ளி விட்டதும் தனா நம் வீட்டுக்கு வந்துவிடுவான். உங்கள் இருவருக்கும் நான் கெமிஸ்ட்ரி சொல்லித் தருவேன். இருட்டியதும் மாடி. சில நாள் சாப்பாடும் இங்கேயே. என்னை ஆன்ட்டி என்று கூப்பிடுவான், அதில் ஓர் உரிமை இருக்கும். தோசை கருகினால் 'ஆன்ட்டி, இது கார்பன், எலிமென்ட் நம்பர் ஆறு' என்பான்.

ப்ளஸ் டூவில் அரையாண்டுத் தேர்வு மார்க் வந்தபோது நான் பயந்துவிட்டேன். நீ குறைவாக எடுத்ததை விட, அதைப் பற்றி நீ கவலைப்படவில்லை என்பதுதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது. திட்டிப் பார்த்தேன், கெஞ்சிப் பார்த்தேன். ஒருநாள் நீ குளிக்கப் போன நேரத்தில் இரண்டு ஐபீஸ்களையும் எடுத்து, கண்ணாடி என்பதால் உடையக் கூடாதே என்று, பீரோவில் என் பட்டுப் புடவைகளின் மடிப்புக்குள் வைத்தேன். பரீட்சை முடிந்ததும் எடுத்துக் கொடுத்துவிடலாம், நீ கொஞ்ச நேரம் கோபப்படுவாய், பிறகு சிரிப்பாய் என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் திட்டம். மாலை நீ தேடினாய். 'அம்மா, பார்த்தியா?' என்றாய். 'நான் பார்க்கலையே' என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். உன் பார்வை என்மேல் இருந்து நகர வேண்டும் என்பதற்காக இன்னொன்றும் சொன்னேன். 'வீட்டுக்கு யார் யார் வந்தாங்க?' நான் தனாவின் பெயரைச் சொல்லவில்லை. இத்தனை வருடமும் அதைத்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன், பெயரைச் சொல்லவில்லை என்று. நம் வீட்டுக்கு வந்துபோகிறவன் அவன் ஒருவன்தான் என்பது எனக்குத் தெரியாதா?

நீ நேராக அவன் வீட்டுக்குப் போய்க் கேட்டாய். மறுநாள் அவனுடைய அப்பா அவனைக் கூட்டிக்கொண்டு நம் கேட்டுக்கு வந்தார். பீர்க்கன்கரணையில் நம் தெரு முழுக்க ஒரு காலத்தில் அவர்கள் குடும்பத்தின் வயலாக இருந்தது. நம் மனையும் அதில்தான் வந்தது. அவர் உள்ளே வரவில்லை. 'என் புள்ள எடுக்கலன்றான் டீச்சர். எடுத்திருந்தாலும் தப்புதான். அது எங்க கெடைக்கும்னு சொல்லுங்க, வாங்கியாந்து வச்சிடறேன்' என்றார். தனா தலையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றான். அந்த நேரத்தில் உள்ளே ஓடிப் போய் பீரோவைத் திறந்திருக்க வேண்டும். நீ என் பின்னால் நின்றுகொண்டிருந்தாய். உன் அப்பா பேப்பரைத் தாழ்த்திப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சொன்னேன், 'பரவாயில்லைங்க, விடுங்க. சின்னப் பையன்தானே.' செய்யாத தப்புக்கு அவனை நான் மன்னித்தேன், அரவிந்த். மிகவும் பெருந்தன்மையாக. அன்றிரவு உன் அப்பாகூட, 'நல்லபடியா பேசி அனுப்பிட்டே' என்று பாராட்டினார். அவர் கடைசிவரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். தனா அதன்பின் கெமிஸ்ட்ரிக்கு வரவில்லை. அந்தப் பாடத்தில் தேறவும் இல்லை. ஐடிஐக்குப் போனான்.

ஏப்ரலில், உன் கடைசிப் பரீட்சை அன்று, பீரோவைத் திறந்தேன். பட்டுப் புடவைக்கு அந்துருண்டை போட்டிருந்தேன், எல்லோரும் போடுவது போல. ஐபீஸ்களின் பிளாஸ்டிக் உடம்பு இளகி, ஒன்றோடொன்று ஒட்டி, புடவைச் சரிகையில் பிடித்துக்கொண்டிருந்தது. லென்ஸ் மேல் பனி படர்ந்த மாதிரி வெள்ளை. ஸ்பிரிட் வைத்துத் துடைத்தேன். பிளாஸ்டிக் இன்னும் குழைந்து கண்ணாடி மேல் கோடு கோடாக இழுத்தது. நான் கெமிஸ்ட்ரி படித்தவள். பதங்கமாதல் என்ற பாடத்தை ஒவ்வொரு வருடமும் ஒன்பதாம் வகுப்புக்கு நடத்துகிறவள். திடப்பொருள் திரவமாகாமல் நேராக ஆவியாகும், உதாரணம் நாஃப்தலீன், ஆவி குளிர்ந்த இடத்தில் மறுபடி படியும் என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டுகிறவள். என் பீரோவுக்குள் அது நடக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. நல்ல நிலையில் இருந்திருந்தால் திருப்பிக் கொடுத்திருப்பேன், உண்மையும் அதோடு வெளியே வந்திருக்கும். பாழான பிறகு காட்டத் துணிவில்லை. தாம்பரம் மார்க்கெட்டில் காய்கறிக் கழிவு கொட்டும் தொட்டியில் போட்டுவிட்டு, வெண்டைக்காய் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

அதற்குப் பிறகு சொல்லச் சரியான நாள் என்று ஒன்றைத் தேடிக்கொண்டே இருந்தேன். உன் ரிசல்ட் வரட்டும், காலேஜ் சேரட்டும், அப்பாவின் உடம்பு தேறட்டும். அப்பா போனார். நீ விமானம் ஏறினாய். இப்போது பள்ளிக்கூடம் விட்டு வந்தால் இந்த வீட்டில் என் செருப்புச் சத்தம் மட்டும்தான். ஒரு டம்ளர் காபிக்குப் பால் காய்ச்சுவது எவ்வளவு சின்ன வேலை என்பது தனியாக இருப்பவர்களுக்குத்தான் தெரியும். டீவியை ஓடவிட்டு வேறு அறையில் உட்கார்ந்திருக்கிறேன். தொலைபேசி ஞாயிற்றுக்கிழமை காலை ஒலிக்கும் என்பதற்காகச் சனிக்கிழமையே துணி துவைத்து முடித்துவிடுகிறேன். நான் பரிதாபத்துக்காக இதை எழுதவில்லை. ஆள் நடமாட்டம் உள்ள வீட்டில் மறைத்த விஷயம் எங்கோ ஒரு மூலையில் கிடக்கும். யாரும் இல்லாத வீட்டில் அது நாற்காலி போட்டு எதிரில் உட்கார்ந்துகொள்கிறது.

அதனால் நீ போகாதே என்று சொன்ன இடத்துக்கே போனேன். பெருங்களத்தூர் போகும் வழியில் அவன் பட்டறை. மூன்று லேத், வேலைக்கு நான்கு பேர், வாசலில் சொந்த வண்டி. நன்றாகத்தான் இருக்கிறான். அதை வைத்து என்னைச் சமாதானப்படுத்திக்கொள்ள முடியவில்லை. என்னைப் பார்த்ததும் மெஷினை நிறுத்தினான். 'வாங்க மேடம்' என்றான். ஆன்ட்டி இல்லை, மேடம். நான் குழாயையும் ஐபீஸையும் மேஜைமேல் வைத்தேன். 'ஐயய்யோ, இது இன்னும் கீதா!' என்று ஒரு நிமிடம் பழைய தனாவாக ஆனான். கையைத் துடைத்துவிட்டு வெர்னியர் வைத்து அளந்தான். 'ஐபீஸு முப்பத்தொண்ணே முக்கா மில்லி. உங்க பைப்பு இருபத்தி நாலரை. பெரிய கால சின்ன செருப்புல நொழைச்சா எப்படிப் போவும்? அலுமினியத்துல ஒரு பீஸு கடைஞ்சி தர்றேன். ஒரு பக்கம் பைப்புக்குள்ள போவும், இன்னொரு பக்கம் ஐபீஸ வாங்கிக்கும். பக்கத்துல ஒரு சின்ன ஸ்க்ரூ, ஆடாம பிடிக்கறதுக்கு.' எளிதாகச் சொன்னான். நான் குழாயையும் ஐபீஸையும் அங்கேயே விட்டுவிட்டுக் கிளம்பினேன். பின்னாலேயே வந்து ஐபீஸ்களை மட்டும் என் கையில் கொடுத்தான். 'அளவு எழுதிக்கினேன் மேடம். இத எடுத்துனு போயிடுங்க. அப்புறம் ஒண்ணு கொறஞ்சா பேஜாரு.' முகத்தில் கோபம் இல்லை. வாடிக்கையாளரிடம் சொல்வது போலச் சொன்னான். பஸ் ஸ்டாப் வரை இரண்டு ஐபீஸையும் கைக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டே நடந்தேன்.

மூன்றாம் நாள் பீஸ் தயார், குழாயோடு வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பளபளவென்று அழகாக இருந்தது. உள்பக்கம் மின்னினால் வெளிச்சம் சிதறும் என்று நீ ஃபோனில் சொல்லியிருந்ததால் பள்ளியில் கரும்பலகைக்கு அடிக்கும் கறுப்புப் பெயிண்டைக் கொஞ்சம் கேட்டு வாங்கி உள்ளே பூசினேன். மழைக்கு நடுவில் வானம் வெளுத்த ஒரு மாலை, அரை நிலா. மாடியில் வைத்துத் திருப்பினேன். எவ்வளவு திருகியும் நிலா மாவு மாதிரி கலங்கித்தான் தெரிந்தது. பட்டறைக்கு ஃபோன் செய்தேன். 'நான் போட்ட பீஸு வேலை செய்யலன்னா நான்தான் வந்து பாக்கணும்' என்று கிளம்பி வந்துவிட்டான். வந்தவன் கேட்டுக்கு வெளியே, கருவிப் பையோடு நின்றான். கேட் திறந்துதான் இருந்தது. 'உள்ள வரலாமா மேடம்?' என்று கேட்டான். நம் வீட்டுச் சமையலறையில் தானாகவே பாத்திரத்தைத் திறந்து பார்த்தவன் அவன்.

மாடியில், தெளிவுக்காக முன்னும் பின்னும் நகரும் உள்குழாயைக் கொஞ்ச நேரம் திருகிப் பார்த்தான். 'குழாயி முழுசா உள்ள போயிடிச்சி. இன்னும் உள்ள போவணும்ங்குது. பீஸு நீளமாயிடிச்சி மேடம், அதான் ஐபீஸு தள்ளி நிக்குது. தப்பு என்னுதுதான்.' எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டான், பார். அடாப்டரைக் கழற்றினான். உள்குழாயின் வாயில் இருந்த பழைய வளையத்தையும் மரை திருகிக் கழற்றினான். வெறும் குழாய் வாயில் ஐபீஸைக் கையாலேயே பிடித்து, முன்னும் பின்னும் நகர்த்தினான். திடீரென்று கத்தினான். 'வந்துடிச்சி! ஆன்ட்டி, வந்துடிச்சி, வந்து பாருங்க!' அவன் கையால் பிடித்திருக்க, நான் குனிந்து கண்ணை வைத்தேன். நிலாவின் ஓரத்தில் குழிகள், குழிகளுக்குள் நிழல், ஊசியால் கீறியது போல. அவன் கை நடுங்கும்போது நிலாவும் நடுங்கியது. அந்த ஆன்ட்டி என்ற சொல் என்னை என்ன செய்தது என்று எழுதத் தெரியவில்லை. கண்ணை எடுக்காமலே சொன்னேன். அவன் முகத்தைப் பார்த்துச் சொல்லும் தைரியம் அப்போதும் வரவில்லை. 'தனா, அந்த ஐபீஸை நான்தான் எடுத்து ஒளிச்சு வச்சேன். நீ எடுக்கலைன்னு எனக்குத் தெரியும்.' நிலா மறைந்துவிட்டது. அவன் கையை எடுத்துவிட்டான்.

நிமிர்ந்தபோது அவன் ஐபீஸை அதன் உறைக்குள் வைத்து மூடிக்கொண்டிருந்தான். ஸ்பானரை எடுத்துப் பையில் போட்டான், பிறகு எதற்கோ வெளியே எடுத்தான், மறுபடி போட்டான். 'எங்கப்பா கிட்ட சொல்லிட்டீங்களா?' என்றான். 'இல்லப்பா.' 'அவுரு கிட்ட சொல்லுங்க. என்கிட்ட சொல்லி இன்னா ஆவப் போவுது? நான் எடுக்கலன்னு எனக்குத் தெரியாதா?' அப்புறம், 'பீஸ குட்டையா வேற மாதிரி போடணும், பழைய வளையம் இருந்த மரையிலயே' என்று தனக்குள் பேசுவது போலச் சொல்லி, குழாயை மட்டும் தோளில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனான். ஐபீஸ்களைத் தொடவில்லை.

மறுநாள் பள்ளிக்கு அரைநாள் விடுப்புப் போட்டுவிட்டுத் தனாவின் அப்பாவைப் பார்க்கப் போனேன். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் கை சரியாக வரவில்லை, பேச்சு தெளிவாகத்தான் இருக்கிறது. நின்றுகொண்டே சொன்னேன், எல்லாவற்றையும், அந்துருண்டை வரை. 'அன்னிக்கு கேட்டாண்ட எனக்கு மோரு குடுத்தீங்க டீச்சர்' என்றார். எனக்கு அது மறந்தே போயிருந்தது. 'குடிச்சிட்டு, நல்ல மனசுக்காரங்கன்னு நெனச்சிகினே வூட்டுக்கு வந்தேன். வந்து பெல்ட்ட கழட்டுனேன். இல்லப்பா, இல்லப்பான்னு கத்துனான். டீச்சரம்மா பொய் சொல்லுவாங்களாடான்னு கேட்டுக் கேட்டு அடிச்சேன்.' திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு வந்திருப்பேன். அவரோ, 'வெயில் ஏறுது, போய்ட்டு வாங்க' என்றார்.

நேற்று மாலை தனா பள்ளி வாசலில் வண்டியை நிறுத்திக்கொண்டு நின்றான். பிள்ளைகள் எல்லாம் போகும்வரை காத்திருந்தான். 'அப்பா சொன்னாரு' என்றான். நான் பையிலிருந்து உன் கல்யாணப் பத்திரிகையை எடுத்தேன். பெயர் எழுதி, மஞ்சள் தடவி வைத்திருந்தேன். அவன் வாங்கிக்கொள்ளவில்லை. 'உங்க கையால வேணாம் ஆன்ட்டி. அவன்தான வந்து எங்கூட்டு வாசல்ல நின்னு, எடுத்தியாடான்னு கேட்டான்? அவனே வரட்டும்.' வண்டியைக் கிளப்பியவன் திரும்பி, 'குழாயி என்கிட்டதான் கீது. பீஸு பாதி போட்டு வச்சிகிறேன். மீதி, ஐபீஸ வச்சிப் பாத்துதான் கடையணும். அத அவன எடுத்துனு வரச் சொல்லுங்க' என்றான். அதில் எவ்வளவு கோபம், எவ்வளவு அழைப்பு என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. நீ அவனோடு பழகியவன், உனக்குத் தெரியும்.

கல்யாணம் ஆகப் போகிற பிள்ளைக்கு அம்மா ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். எனக்குச் சொல்ல இருப்பது ஒன்றுதான். நல்லதற்காகத்தானே என்று அவளிடம் எதையும் மறைத்து வைக்காதே. நல்லதற்காக மறைக்கிறோம் என்று நினைக்கும்போது நாம் கூச்சமே படுவதில்லை, அதனால் எவ்வளவு தூரமும் போய்விடுகிறோம். தப்பாகிவிட்டால் அன்றைக்கே, காபி ஆறுவதற்குள் சொல்லிவிடு. தனாவைப் போல, பீஸு நீளமாயிடிச்சி, தப்பு என்னுதுதான் என்று சொல்லக் கற்றுக்கொள். அவளுக்கு இந்தக் கடிதத்தைக் காட்டுவதும் காட்டாததும் உன் விருப்பம். காட்டினால் எனக்கு மறுப்பில்லை. வரப்போகும் வீட்டில் என்ன நடந்தது என்று அவளும் தெரிந்துகொண்டு வரட்டும்.

இதைப் படித்து முடித்ததும் உன் கை ஃபோனுக்குப் போகும். என்னிடம் கேட்க உனக்கு நிறைய இருக்கும், எல்லாமே நியாயமாக இருக்கும். ஆனால் முதல் ஃபோன் எனக்குச் செய்யாதே. பின்பக்கத்தில் அவன் நம்பரை எழுதியிருக்கிறேன். மாலையில் ஏழு மணிக்கு மேல் மெஷினை நிறுத்திவிடுவான், அப்போது பேசினால் நன்றாகக் கேட்கும். என்னிடம் பேச உனக்கு எப்போது தோன்றுகிறதோ அப்போது பேசு. அது இந்த ஞாயிற்றுக்கிழமையாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை. நான் வீட்டில்தான் இருப்பேன்.

அம்மா